நெய்தல் இல்லத்துப் பதியம்

கடலே கண்ணில் படாத மலையுச்சியில் ஒரு விடுதிக்கு நெய்தல் என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று அந்தப் பள்ளியில் யாருக்கும் தெரியாது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நான்கு இல்லங்கள். குறிஞ்சிக்காரிகள் மட்டும்தான் பெயருக்கேற்ற இடத்தில் இருந்தார்கள். அதைச் சொல்லிக்காட்டவும் அவர்கள் தவறியதில்லை. நெய்தல் பெண்களும் சளைத்தவர்களா என்ன? காலையில் ஜன்னலுக்குக் கீழே பனி திரண்டு கிடக்கும்போது அதைக் காட்டி, எங்கள் கடல் அதோ பாருங்கள் என்று சொல்லிவைப்பார்கள்.

அந்தப் பள்ளியின் பெருமையெல்லாம் பதியத்தில் இருந்தது. தோட்டக்காரர்கள் ஒரு கிளையை வளைத்து மண்ணுக்குள் புதைத்து வேர்விட வைப்பதற்குப் பதியம் என்று பெயர். இங்கே பாடத்தைப் பதியம் போட்டார்கள். ஓர் இல்லத்தில் பிளஸ் டூ படிக்கும் நாற்பது பெண்களில் ஒருத்தி வேதியியலை முழுதாகப் படிப்பாள். இன்னொருத்தி இயற்பியல், மற்றொருத்தி கணக்கு. படிக்கும்போது காதுக்குப் பின்னால் மெல்லிய பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். பாடம் அவள் மூளையில் படிந்த விதத்தை இயந்திரம் எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு ஒரு நாள், இல்லத்துப் பெண்கள் எல்லோரும் பிரார்த்தனைக் கூடத்தில் உட்கார்ந்து பட்டையை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினால், ஒரு மணி நேரத்தில் அந்தப் பாடம் அத்தனை பேருக்குள்ளும் வேர் பிடித்துவிடும். இது காப்பியடிப்பது ஆகாதா என்று தொடக்கத்தில் ஊரெல்லாம் சண்டை நடந்தது. தலைக்குள் இருப்பது தலைக்குரியவருக்கே சொந்தம் என்று தீர்ப்பு வந்த பிறகு சண்டை அடங்கியது. பள்ளியில் இடம் கேட்டு வரும் கூட்டம் பெருகியது.

பிள்ளைகளுக்கு நிம்மதிதான். ஒரு பாடத்தை ஒருத்தி சுமந்தால் போதும். மாலையில் த்ரோபால் ஆடலாம், நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கலாம், ஒன்றும் செய்யாமல் படிக்கட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம். பாடத்தைப் படித்துக் கொடுப்பவளுக்குப் பள்ளி வைத்த பெயர் முதல் வாசகர். பெண்கள் வைத்த பெயர் தாய்ச்செடி. அவளோடு கூடவே இருந்து அவள் மனம் வாடாமல் பார்த்துக்கொள்ள ஒருத்தியை நியமிப்பார்கள். அவளுக்குக் கொழுகொம்பு என்று பெயர். அதையும் சுருக்கிக் கொம்பு ஆக்கிவிட்டார்கள்.

மனம் வாடாமல் பார்ப்பது அலங்காரத்துக்குச் செய்த ஏற்பாடு அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மருதம் இல்லத்தில் கணக்குப் படித்த பெண்ணுக்குப் பல்லி என்றால் உயிர் போகும். அவள் படித்த மேஜைக்கு மேலேயே ஒரு பல்லி குடியிருந்திருக்கிறது. பதியம் முடிந்த மறுநாளிலிருந்து, மருதம் இல்லத்தில் யார் நோட்டைத் திறந்து தொகை நுண்கணிதம் போட்டாலும் ஒரு முறை கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள். முல்லையில் வரலாறு படித்தவள் அந்தச் சமயம் யார் மேலோ மனதைப் பறிகொடுத்திருந்தாள். பானிப்பட்டுப் போரைப் பற்றிக் கேட்டால் நாற்பது பேரும் கன்னம் சிவந்தார்கள். முகங்கள் வராது, சொற்கள் வராது. ஆனால் வாசனை, நாக்கின் ருசி, வயிற்றில் ஏற்படும் கலக்கம் இதெல்லாம் பாடத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் பட்டையில் சின்ன விளக்கு வைத்தார்கள். மனம் பதறினால் விளக்கு சிவக்கும். சிவந்தால் படிப்பை நிறுத்திவிட்டுச் சற்று உலாவிவிட்டு வர வேண்டும்.

அந்த வருஷம் நெய்தலில் வேதியியலுக்குத் தாய்ச்செடி ஜெனிட்டா. நாகர்கோவில் பக்கத்துப் பெண், நெட்டையாக இருப்பாள், அதிகம் பேசமாட்டாள். அவளுக்குக் கொம்பு அல்லி. அல்லி பேசுவதை நிறுத்தவே மாட்டாள் என்பதால் இருவருக்கும் நன்றாகப் பொருந்தியது.

அல்லியைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவளுக்கு வீட்டு நினைப்பு என்பதே வராது. அவளைப் பெற்ற சில நாட்களிலேயே தாய் இறந்துவிட்டாள். அப்பா மஸ்கட்டில். மூன்றாம் வகுப்பிலிருந்து விடுதிதான் வீடு. ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக வந்து தலையணை நனைய அழும் பிள்ளைகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் அல்லியின் கட்டிலை நகர்த்திப் போடுவது வழக்கம். என்னடி, பசிக்குதா என்றுதான் ஒவ்வொருத்தியிடமும் முதலில் கேட்பாள். கிண்டலுக்குக் கேட்கிறாள் என்று நினைத்து அந்தப் பிள்ளைகள் சிரித்துவிடும். அவள் உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள்.

ஜனவரி முடியும் சமயம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வார்டன் கோமளவல்லி மிஸ் அல்லியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லி டம்ளரில் காபி கொடுத்தார். விடுதியில் காய்ச்சல்காரிகளுக்கும் கெட்ட செய்தி வந்தவர்களுக்கும் மட்டும்தான் அந்தக் காபி கிடைக்கும் என்பதால் அல்லிக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. மிஸ் அதைப் புரிந்துகொண்டு, உனக்கு ஒன்றும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"ஜெனிட்டாவோட அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. தலைக்குள்ள ரத்தக்கசிவாம். அவ மாமா இப்பத்தான் பேசினார்."

"பொழச்சுருவாங்களா மிஸ்?"

"சொல்ல முடியாதாம். நினைவு வருது, போகுதாம். நினைவு வந்தப்ப அந்தம்மா சொன்னது ஒண்ணே ஒண்ணுதானாம். பரீட்சை முடியற வரைக்கும் பிள்ளைக்குச் சொல்லாதீங்கன்னு."

மிஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னார். முதல்வரும் மாமாவும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். பதியத்துக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. மூன்று மாதமாகப் படித்த பாடம். இப்போது வேறொருத்தியைப் புதிதாக உட்கார வைத்துப் படிக்கவைக்கக் காலம் கிடையாது. ஜெனிட்டா எழுந்து போனால் நாற்பது பேரும் வேதியியலில் வெறும் கையோடு நிற்க வேண்டியதுதான்.

"சொல்லிட்டு, படிச்சு முடிச்சிட்டுப் போன்னு சொன்னா என்ன மிஸ்?" என்று அல்லி கேட்டாள்.

"பாடம் தனியா, மனசு தனியான்னு மூளைக்குள்ள ரெண்டு அலமாரி இல்ல கண்ணு. இந்தக் காபியில சர்க்கரை கரைஞ்ச மாதிரிதான். பயம், கோபம்னு கட்டியா இருந்தா மெஷின் வடிகட்டிரும். கரைஞ்சதை அது என்ன பண்ணும்? அம்மா சாகக் கிடக்கறான்னு தெரிஞ்சு ஒரு பிள்ளை படிச்ச பாடத்தை நாப்பது பேர் தலையில ஏத்தறதா?" மிஸ் அல்லியின் பக்கம் திரும்பினார். "நீ பக்கத்துல இருக்கறவ. உன் முகத்துல தெரிஞ்சுதுன்னா அவளுக்குத் தெரிஞ்ச மாதிரி. அதான் உங்கிட்ட மட்டும் சொல்றேன்."

அதற்கென்ன மிஸ், சொல்ல மாட்டேன் என்று அல்லி ஒப்புக்கொண்டாள். மெஸ்ஸில் ஓர் இடம் பிடித்து வைக்கச் சொன்னால் எவ்வளவு எளிதாகத் தலையாட்டுவாளோ அவ்வளவு எளிதாக. அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல மாட்டேன். தான் எதை ஒளித்து வைக்கப்போகிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. சாப்பிட்டே அறியாத பண்டத்தை மற்றவளிடமிருந்து மறைத்து வைப்பது யாருக்கும் சுலபம்தானே.

சொன்னபடியே செய்தாள். நூலகத்தின் பின்பக்க வராந்தாவில், சில்வர் ஓக் மரங்களைப் பார்த்தபடி கிடக்கும் பெஞ்சுதான் ஜெனிட்டா படிக்கும் இடம். அவள் படிக்க, அல்லி பக்கத்தில் உட்கார்ந்து செம்பருத்தி எண்ணெய் மணக்கும் தன் தலையை உலரவிட்டபடி நாடகத்துக்குக் காகித மாலை கட்டுவாள். நடுநடுவே யாரைப் போலாவது பேசிக்காட்டிச் சிரிக்கவைப்பாள். பட்டையின் விளக்கு பச்சையாகவே இருந்தது. சாயங்காலம் மிஸ் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, சரி என்பதுபோல் தலையசைத்துப் போவார். அல்லிக்குத் தன் சாமர்த்தியத்தில் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு அழைப்பு வரும் நேரம். ஜெனிட்டாவின் அம்மா எப்போதும் என்ன சாப்பிட்டாய் என்பதில் ஆரம்பித்து, அதில் குறை கண்டுபிடித்து, அதோடு முடிப்பாள். அந்த ஞாயிறு மாமா பேசினார். அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, வாயைத் திறக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார் என்றார். அடுத்த ஞாயிறும் அதே தொண்டை. ஜெனிட்டா சரி மாமா, சரி மாமா என்று கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தாள்.

இரண்டு ஞாயிறுக்கும் நடுவில் பார்சல் வந்தது. மாதம் தவறாமல் வரும் அதே தகர டப்பா, அதே மாதிரி செய்தித்தாளில் பொதிந்து, அதே மாதிரி முடிச்சுப் போட்டு. உள்ளே முந்திரிக்கொத்து. வறுத்த பயறும் தேங்காயும் கருப்பட்டியும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கிப் பொரித்த அந்த உருண்டைகளுக்கு நெய்தல் இல்லமே அடிமை. டப்பா வருகிற நாளில் ஜெனிட்டாவுக்கு இருபது தோழிகள் கூடிவிடுவார்கள். வழக்கம்போல முதல் உருண்டையை அவளே எடுத்துக் கடித்தாள். நெடுநேரம் மென்றாள். பிறகு டப்பாவை அல்லியின் பக்கம் தள்ளிவிட்டாள்.

"நீங்க தின்னுங்க. இந்தத் தடவ ஏலக்கா கூடிப்போச்சு."

அதுதானே வாசனை என்று சொல்லி அல்லி நான்கு உருண்டைகளைத் தின்றாள்.

குறிஞ்சியோடு த்ரோபால் போட்டி வந்தது. ஜெனிட்டா இதற்குமுன் இப்படி ஆடி யாரும் பார்த்ததில்லை. வந்த பந்தையெல்லாம் வலைக்கு மேலே திருப்பி அடித்தாள். கடைசியில் கைக்குள் வந்து விழுந்த பந்து ஒன்றைத் தவறவிட்டு ஆட்டத்தையும் தோற்கடித்தாள். மறுநாள் துணி துவைக்கும் கல்லருகே இருவரும் சீருடையைக் கசக்கிக்கொண்டிருந்தபோது, ஜெனிட்டா கையை நிறுத்தினாள்.

"அல்லி, ஒனக்கு யாரையாவது பாக்கணும்னு தோணுமா?"

"யாரைப் பாக்க?"

"சும்மா கேட்டேன்." சட்டைக் காலரைத் திருப்பித் திருப்பித் தேய்த்துக்கொண்டே, "எனக்கிட்ட ஏதாவது சொல்லணுமாட்டி?" என்றாள்.

ஒரு கணம் அல்லிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மிஸ்ஸின் காபியும் நாற்பது பேரும் நினைவுக்கு வந்தார்கள். "என்ன சொல்லணும்? கைக்குள்ள வந்த பந்தை நீ கோட்டை விட்டதைப் பத்தியா?"

ஜெனிட்டா அவள் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அதைத்தான் கேட்டேன் என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, வேதியியல் படிக்கப் போய்விட்டாள். அன்றும் விளக்கு பச்சையாகவே எரிந்தது. அந்த விளக்குக்குப் பதற்றம்தான் தெரியும். அசையாமல் உட்கார்ந்திருக்கிற துக்கத்தைக் கண்டுபிடிக்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பதியத்தன்று மெஸ்ஸில் பாயசம் வைப்பது வழக்கம். காலையிலேயே முந்திரி வறுபடும் மணம் வந்துவிட்டது. நெய்தல் பெண்கள் தலை பின்னி, வெள்ளைச் சீருடையில் பிரார்த்தனைக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். தாய்ச்செடிக்குத் தன் பாடத்தைத் தானே வாங்கிக்கொள்ளும் வேலை இல்லையென்பதால் ஜெனிட்டா மட்டும் வெளியே இருந்தாள். கீழேயிருந்து வந்திருந்த தொழில்நுட்பக்காரர் எல்லோருக்கும் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு இயந்திரத்தைத் தொடங்கினார். மிஸ் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் வந்தது தனிம வரிசை. ஜெனிட்டாவின் கையெழுத்தைப் போலவே நிதானமாக, ஒவ்வொரு கட்டமும் தன் இடத்தில் வந்து அமர்ந்தது. பிறகு பிணைப்புகள், அமிலங்கள், காரங்கள். எந்த எலக்ட்ரான் எங்கே போகும் என்பதெல்லாம் தானே மூன்று மாதம் உருப்போட்டதுபோல் அல்லிக்குத் தெளிவாக விளங்கியது. நல்ல தாய்ச்செடிதான் என்று நினைத்துக்கொண்டாள். பாடம் கரிம வேதியியலுக்குள் நுழையும்போது அவள் நாக்கில் ஏலக்காய் ருசித்தது.

அல்லிக்கு ஏலக்காய் பிடிக்கும். ஆனால் இப்போது நாக்கில் ருசித்தது ஜெனிட்டாவின் ஏலக்காய். ருசித்த உடனே குமட்டிக்கொண்டு வந்தது. குமட்டலுக்குப் பின்னாலேயே, மாடிப்படியில் கடைசிப் படி இருக்கிறதென்று நினைத்துக் காலை வைத்தவளுக்கு ஆவதுபோல அடிவயிறு கீழே போயிற்று. இதை அம்மா செய்யவில்லை. சொல்லாக வரவில்லை, ஆனாலும் தெரிந்தது. தன் மகளுக்கு ஒருநாளும் ஏலக்காய் போடாத கை இதைச் செய்யவில்லை. அந்தக் கை நன்றாக இருந்தால் செய்யாமல் இருந்திருக்காது. அப்படியானால் அந்தக் கைக்கு என்ன ஆயிற்று?

அதற்கு மேல் வந்ததற்கு அல்லியிடம் பெயர் இல்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஓரிடம். தனக்குள் அப்படி ஓர் இடம் இருப்பதே அவளுக்கு அதுவரை தெரியாது. அந்த இடம் யாரையோ கேட்டது. கஞ்சி போட்ட நூல்சேலை, தேங்காயெண்ணெய், கொஞ்சம் அடுப்புப் புகை எல்லாம் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனையில் போய் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். பென்சீனின் ஆறு கரிகளும் அந்த ஏக்கத்தைச் சுற்றித்தான் கைகோத்து நின்றன. பசியைப் போலத்தான் இருந்தது. இத்தனை வருஷமாக அந்தப் பிள்ளைகளிடம் பசிக்கிறதா என்று கேட்டோமே என்று நினைத்தபோது அல்லிக்கு வெட்கமாக இருந்தது.

முடியும் தறுவாயில் செம்பருத்தி எண்ணெய் மணத்தது. அது அவளுடைய தலைதான். ஜெனிட்டாவின் மூக்குக்கு அவள் இப்படித்தான் இருந்திருக்கிறாள். பொய்க்காரியின் வாசனையாயிற்றே, அதோடு என்ன ஒட்டிக்கொண்டு வரப்போகிறதோ என்று காத்திருந்தாள். கோபம் வரவில்லை. தூங்குகிற குழந்தையின் மேல் போர்வையை இழுத்துவிடும்போது வருமே, அதுமாதிரி ஒன்று வந்தது. இவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம் என்பது மாதிரி.

கண்ணைத் திறந்ததும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லாக் கண்களும் ஈரமாக இருந்தன. இயந்திரத்தைச் சரிபார்த்த தொழில்நுட்பக்காரர் எல்லா அளவும் சரியாக இருக்கிறதே என்று குழம்பினார். முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பி, ஜெனிட்டா அம்மாவுக்கு என்னடி என்று அல்லியைக் கேட்டாள். அல்லி உட்கார்ந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள்.

யாரும் பாயசத்துக்குப் போகவில்லை. கூட்டமாக எழுந்து கதவருகே வந்து நின்றார்கள். மிஸ்ஸும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அவளுக்குத் தெரியும் மிஸ்," என்றாள் அல்லி. "ரொம்ப நாளாவே தெரியும்."

கோமளவல்லி மிஸ் அவ்வளவு முகங்களையும் பார்த்தார். பிறகு, "வண்டியை எடுக்கச் சொல்றேன்," என்று புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே முதல்வரின் அனுமதிக்குக்கூடக் காத்திராமல் காவலாளியின் அறைப்பக்கம் நடந்தார்.

ஜெனிட்டா துணி காயும் கொடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். அல்லி ஓடிவந்த வேகத்தில் மூச்சு வாங்க அவள் முன்னால் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். வாயில் வந்தது வேறு.

"ஏண்டி எங்கிட்ட கேக்கல?"

"கேட்டேனே. நீ பந்தப் பத்தில்லா சொன்ன."

"இன்னொரு தடவை கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

"அதுக்குத்தான் கேக்கல." ஜெனிட்டா கொடியில் ஆடும் துணிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீ சொன்னா நான் போயிருவேன். நான் போனா இந்தப் பிள்ளைகளுக்க பரீட்ச என்னாவும்? எனக்க அம்மைக்கும் அதான் நினைப்பா இருக்கும். அவளப் பத்தி எனக்குத் தெரியாதா?" அதுவரை உறுதியாக இருந்த குரல் அங்கே உடைந்தது. "ஆனா பாக்கணும்ட்டி. எனக்கு அவளப் பாக்கணும்."

அல்லி கீழே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அழுகிற பிள்ளைகளை எத்தனையோ முறை கட்டிக்கொண்டிருக்கிறாள். இந்த முறை எங்கே வலிக்கிறதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "எனக்கும் பாக்கணும்," என்றாள்.

வண்டி அன்று சாயங்காலமே ஜெனிட்டாவை மலையிலிருந்து இறக்கி ரயிலேற்றியது. அம்மாவுக்கு நினைவு இருந்தது. மகளைப் பார்த்ததும் முதலில் கேட்டது பரீட்சை எழுதியாயிற்றா என்றுதான். பிறகு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாளாம். வாரக்கணக்கில் ஜெனிட்டா அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. வேதியியல் தேர்வுக்கு முந்தைய நாள் அம்மா போய்விட்டாள்.

இந்த முறை மிஸ் மறைக்கவில்லை. தேர்வன்று காலை மெஸ்ஸில் எல்லோரையும் நிற்கவைத்து, செய்தியைச் சொல்லிவிட்டு, யாருக்காவது எழுத முடியாதென்றால் வீட்டாரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். எல்லோரும் எழுதப் போனார்கள். வேறு பள்ளியிலிருந்து மேற்பார்வைக்கு வந்திருந்த ஆசிரியர், கரிம வேதியியலின் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு வந்தவுடன் அறை முழுக்கப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே மளமளவென்று எழுதுவதைப் பார்த்துத் திகைத்துப்போனார். கேள்வித்தாள் கடினமோ என்று நினைத்து, பயப்படாதீங்கம்மா, தண்ணி குடிச்சிட்டு எழுதுங்க என்று பெஞ்சு பெஞ்சாகப் போய்ச் சொன்னார். முடிவு வந்தபோது வேதியியலில் நெய்தல் இல்லம்தான் முதலிடம். பள்ளி அதைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி வைத்தது.

பெற்றோர்கள் சும்மா இருப்பார்களா? பெண் ஏலக்காய் போட்ட பாயசத்தைத் தொடமாட்டேன் என்கிறாள், ராத்திரியில் யாரையோ தேடி அழுகிறாள் என்று புகார்கள் வந்தன. ஒருத்தியின் அம்மா, நான் குத்துக்கல்லாட்டம் பக்கத்தில் இருக்கும்போதே வேறு யாருக்காகவோ ஏங்குகிறாள் என்று முதல்வர் அறையில் சண்டையே போட்டாள். பதியத்தைத் திரும்ப எடுத்துவிடலாம், பரீட்சைதான் முடிந்துவிட்டதே என்று பள்ளி அறிவித்தது. வேதியியல் கொஞ்சம் மறந்துபோகும். ஏக்கமும் கூடவே போய்விடும். விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றார்கள். ஏழெட்டுப் பேர் வந்து எடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தன் வீட்டுத் துக்கத்தைச் சுமக்கவே ஆளுக்கு ஆள் திணறும்போது அடுத்த வீட்டுத் துக்கம் எதற்கு?

விடுபட்ட தேர்வுகளை எழுத ஜெனிட்டா மழைக்காலத் தொடக்கத்தில் திரும்பி வந்தாள். புதுப் பிள்ளைகள் இன்னும் வந்திருக்கவில்லை, விடுதி காலியாகக் கிடந்தது. கல்லூரி திறக்கும்வரை போக வேறு இடமில்லாத அல்லி மட்டும் இருந்தாள். இருவரும் பழைய வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சில்வர் ஓக் மரங்கள் பனிக்குள் பாதி தெரிந்தன. இப்போது யார் காதிலும் பட்டை இல்லை.

"மிஸ் சொன்னாங்க, நீ பதியத்தத் திரும்ப எடுக்க வரவே இல்லியாமே," என்றாள் ஜெனிட்டா. "முதல்ல ஒன்னத்தான் கூப்பிட்டாங்களாம்."

"ஆமா."

"அது எனக்க அழுகைட்டி. நான் அழுது தீத்துக்குவேன். ஒனக்கு எதுக்கு அது?"

எப்போதும் வாய் ஓயாத பெண்ணுக்கு அன்று சொற்கள் தேடித்தான் கிடைத்தன.

"எனக்கு வேற அம்மா இல்லையே," என்றாள்.

ஜெனிட்டா பையைத் திறந்து தகர டப்பாவை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். அம்மாவின் அடுக்களையில் முதல்முறையாக அவளே செய்த முந்திரிக்கொத்து. பாதிக்கு மேல் மேல்மாவு பிரிந்து, உருண்டைகள் உதிர்ந்து கிடந்தன. முன்பெல்லாம் ஒரே மூச்சில் நான்கைந்து தின்கிற அல்லி, ஒன்றை எடுத்துக் கடித்தாள். பயறு, தேங்காய், கருப்பட்டி. ஏலக்காய் இல்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்த அந்த இடம், தேடியது கிடைத்துவிட்டதுபோல் அடங்கியது. விழுங்கினால் தீர்ந்துவிடுமே என்று வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கியது.

ஜெனிட்டா டப்பாவை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"மெதுவாத் தின்னு," என்றாள். "நெறைய இருக்கு."